பூஜப்புரையிலிருந்து தைக்காட்டுக்கு எத்தனை மில்லிநொடி?

மிருதங்கம் பயிலும் மாணவர் ஒருவர் மடிக்கணினியில் ஒரு கீர்த்தனையின் குரல் பதிவைத் திறந்து, காதொலிப்பானில் அதைக் கேட்டபடியே வாசித்துப் பதிகிறார் என்று கொள்வோம். வாசிக்கும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. பதிந்ததைத் திரும்பக் கேட்டால் சொற்கள் பாட்டோடு ஒட்டவில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்துக்குச் சற்று முன்பே வந்து விழுகிறது. மறுபடி வாசிக்கிறார், மறுபடியும் அதே பிழை. இந்நிலையில் அவர் முதலில் ஐயுறுவது தம் கையை. பதிவை ஆசிரியருக்கு அனுப்பினால் அவரும் ஐயுறுவது மாணவரின் கையைத்தான். லயம் பிசகிவிட்டது என்ற தீர்ப்பைக் கணினியின் மீது யாரும் எழுதுவதில்லை.

பிழை பல வேளைகளில் ஓர் எண்ணில் இருக்கிறது. பள்ளிகளிலும் இல்லங்களிலும் பரவலாகப் பயன்படும் ஆடாசிட்டி என்னும் கட்டற்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தாமதத் திருத்தம் என்றோர் அமைப்பு உண்டு. கணினி ஒலியை வெளியே அனுப்பவும் உள்ளே வாங்கவும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கழித்து, புதிய பதிவைப் பின்னுக்கு இழுத்துப் பழைய பதிவோடு பொருத்துவது அதன் வேலை. அந்த நேரம் கணினிக்குக் கணினி வேறுபடும். மென்பொருள் அதை அளந்து அறிவதில்லை. 130 மில்லிநொடி என்று தொடக்கத்திலேயே ஒரு மதிப்பை வைத்துக்கொள்கிறது. கணினியின் உண்மையான தாமதம் 40 மில்லிநொடி என்றால், மிருதங்கம் 90 மில்லிநொடி முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடும். நிமிடத்துக்கு 60 அட்சரம், அட்சரத்துக்கு 8 சொல் என்ற நடுத்தர வேகத்தில்கூட இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளி 125 மில்லிநொடிதான். தொண்ணூறு என்பது அந்த இடைவெளியில் ஏறத்தாழ முக்கால் பங்கு. எந்த ஆசிரியரும் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிசகன்று அது.

இந்தச் சிக்கலைப் பேசுவதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான நகரம் இந்தியாவில் இல்லை. பூஜப்புரையில் கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியை நடத்தும் கைட் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தைக்காட்டில், சுவாதித் திருநாள் அரசு இசைக் கல்லூரி. 1939ஆம் ஆண்டு அக்கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்; அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர். ஓரிடத்திலிருந்து ஒரு மாநிலத்தின் பள்ளிகளுக்கெல்லாம் இயங்குதளம் போகிறது. மற்றோரிடத்தில் காலத்தைப் பகுக்கும் கலை கற்பிக்கப்படுகிறது. இசைத் தயாரிப்பு மென்பொருளுக்கு ஏற்ப இயங்குதளத்தைச் செம்மைப்படுத்துதல் என்னும் பணி இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. அதைத் தனிமனிதரின் பொழுதுபோக்காக விட்டுவிடக் கூடாது. எழுத்துருவையும் விசைப்பலகையையும் போல அதுவும் ஒரு பொதுக் கட்டமைப்பு.

முதலில் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கணினி ஒலியைத் துளித்துளியாகக் கையாள்வதில்லை. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வீதத்தில் வரும் ஒலியை ஒரு சிறு பாத்திரத்தில் சேர்த்து, பாத்திரம் நிறைந்ததும் மென்பொருளிடம் கொடுக்கிறது. அப்பாத்திரத்துக்கு இடையகம் என்று பெயர். ஒலிப்பதிவுக் கூடங்களில் பஃபர் என்றே சொல்வார்கள். அதன் கொள்ளளவு 1024 மாதிரிகள் என்றால் நிறைய 21.3 மில்லிநொடி ஆகும். உள்ளே ஒரு பாத்திரம், வெளியே ஒரு பாத்திரம். ஆகக் குறைந்தது 42 மில்லிநொடி. கொள்ளளவை 256 ஆகக் குறைத்தால் ஒரு பக்கம் 5.3 மில்லிநொடி, 64 ஆகக் குறைத்தால் 1.3. புளூடூத் காதொலிப்பானை மாட்டிக்கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். அங்கே நூறு மில்லிநொடியைத் தாண்டுவது சாதாரணம்.

எவ்வளவு தாமதம் பொறுக்கத்தக்கது என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. கச்சேரி மேடையே போதும். ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. பாடகருக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் மிருதங்கக்காரர் பாட்டை நான்கு மில்லிநொடிக்கு மேல் தாமதமாகத்தான் கேட்கிறார். அந்தத் தாமதத்தோடு நூற்றாண்டுகளாக நம் லயம் நன்றாகவே வாழ்ந்திருக்கிறது. பத்து மில்லிநொடி என்பது மூன்றரை மீட்டர். மேடை கொஞ்சம் பெரிது, அவ்வளவே. நாற்பத்திரண்டு மில்லிநொடி என்றால் பாடகர் மேடையிலும் மிருதங்கம் பதினான்கு மீட்டர் தள்ளி மண்டபத்தின் வாசலிலும் இருப்பதற்கு ஒப்பாகும். அந்த நிலையில் தனி ஆவர்த்தனம் வாசிக்கச் சொல்லி யாரும் எவரையும் மதிப்பிட மாட்டார்கள்.

அப்படியானால் பாத்திரத்தைச் சிறிதாக்கிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். சிறிதாக்கலாம், ஆனால் பாத்திரம் சிறிதாகும் அளவுக்குக் கணினி அடிக்கடி ஓடிவந்து அதை எடுத்துப்போக வேண்டும். 256 மாதிரி என்றால் நொடிக்கு 187 முறைக்கு மேல். நான்கு நிமிடப் பாடல் ஒன்றில் இப்படி 45,000 கெடுக்கள். ஒரே ஒரு கெடு தவறினாலும் ஒலியில் ‘டிக்’ என்றொரு முறிவு கேட்கும். இங்கேதான் கணினிப் பாடம் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். நூற்றுக்கு 99.9 மதிப்பெண் எந்தத் தேர்விலும் முதலிடம். இங்கே அது ஒரு பாட்டுக்கு 45 முறிவுகள். சராசரியால் எந்தப் பயனும் இல்லை. எந்த நேரத்திலும் எவ்வளவு மோசமாகத் தாமதிக்கக்கூடும் என்ற அந்த ஒற்றை எண்தான் இசைக்குப் பொருட்படும். கணினியின் வேகத்தைக் கூறும் விளம்பரங்கள் அனைத்தும் சராசரியைப் பேசுகின்றன. எனவேதான் விலை உயர்ந்த, வேகம் மிகுந்த மடிக்கணினிகூட ஒலிப்பதிவில் முறிவு தருகிறது; பழைய கணினி ஒன்று சரியாக அமைக்கப்பட்டால் முறிவின்றி ஓடுகிறது.

இயங்குதளச் செம்மை பற்றிப் புழங்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டை அறியாதது. திரைப் பின்னணிப் படத்தை நீக்குக, சாளரங்களின் அசைவுகளை நிறுத்துக, பதிவேட்டைத் துப்புரவாக்குக, நினைவகத்தை இரட்டிப்பாக்குக என்று பட்டியல்கள் நீளும். சில பயன் தரும். பல வெறும் பரிகாரங்கள். நாள்பட்ட காய்ச்சலுக்கு வாசலில் வேப்பிலை கட்டுவதைப் போல, கட்டியவருக்கு மனநிறைவு கிடைக்கும். எது பயன் தந்தது என்று அறிய முன்னும் பின்னும் அளந்திருக்க வேண்டும். விண்டோசில் எந்தச் சாதனத்தின் இயக்கி கெடுவைத் தவறச் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற கருவி கிடைக்கிறது. லினக்ஸில் சைக்ளிக்டெஸ்ட் இருக்கிறது. அளந்து பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் திரைப்படமோ நினைவகமோ அன்று. கம்பியில்லா இணைய அட்டையின் இயக்கியோ, மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செயலியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடோதான்.

அடிப்படையில் இது இயங்குதளத்தின் கருனி எதை மதிக்கிறது என்ற கேள்வி. பொதுப் பயன்பாட்டுக் கருனி பயணிகள் நிறையும்வரை நின்று புறப்படும் பேருந்தைப் போன்றது. ஒரு நாளில் அதிகம் பேரைக் கொண்டு சேர்க்கும். இசைக்கு வேண்டியது, காலியாக இருந்தாலும் குறித்த நொடியில் கிளம்பும் வண்டி. லினக்ஸ் கருனியை அப்படி மாற்றும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டிலேயே ஒலி மென்பொருள் உருவாக்குநர்கள் குறைந்த தாமதத்துக்கான மாற்றங்களைக் கருனியில் சேர்க்கும்படி லினஸ் டோர்வால்ட்சுக்குக் கூட்டாக மடல் எழுதினார்கள். நிகழ்நேர முன்னுரிமைக்கான மாற்றங்கள் இருபது ஆண்டுகள் தனி இணைப்பாகவே வளர்ந்து, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12ஆம் பதிப்பில்தான் முதன்மைக் கருனிக்குள் முழுமையாக நுழைந்தன. ஆலை இயந்திரங்களுக்கும் இசைக்கலைஞருக்கும் ஒரே தேவை இருந்ததால் நடந்தது அது. இசைக்கலைஞர்கள் மட்டுமே கேட்டிருந்தால் இன்னும் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

இதற்கெல்லாம் முன்பே உபுண்டுவில் குறைந்த தாமதக் கருனி என்று தனிப் பொதி கிடைத்துவந்தது. ஊடகப் பணிக்கென்றே உபுண்டு ஸ்டூடியோ 2007இல் தொடங்கியது. ஆர்டர் என்னும் முழுமையான ஒலிப்பதிவு மென்பொருளையும், அதற்கு அடித்தளமான ஜாக் என்னும் ஒலி வழங்கியையும் பால் டேவிஸ் உருவாக்கி ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஆக, கட்டற்ற உலகில் கருவிகளுக்குக் குறைவில்லை. குறை எங்கே என்றால், ஒரு சின்னக் கேள்வியில்.

டெபியன், உபுண்டு கணினிகளில் ஜாக் பொதியை நிறுவும்போது திரையில் ஒரு கேள்வி எழும்: நிகழ்நேர முன்னுரிமையை இயக்கலாமா? இயக்கினால் தாமதம் குறையும், ஆனால் கணினி உறைந்து நிற்கவும் கூடும், பலர் பகிரும் கணினிகளுக்கு இது ஏற்றதன்று என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். முன்கூட்டியே தெரிவாகி இருக்கும் விடை ‘வேண்டாம்’. ஆங்கிலத்தில் எழும் இக்கேள்விக்கு ஒரு பள்ளி மாணவரோ ஆய்வகப் பொறுப்பாளரோ என்ன விடை அளிப்பார்? எண்டர் விசையைத் தட்டிவிட்டு மேலே செல்வார். அந்த ஒரு தட்டில் இசை மென்பொருளின் முன்னுரிமை போய்விடுகிறது. பிறகு மாதக்கணக்கில் முறிவுகள். ‘லினக்ஸ் இசைக்கு ஆகாது’ என்ற முடிவு. இறுதியில் திருட்டுப் பிரதியாக யாரோ கொடுத்த ஒரு வணிக மென்பொருள். எச்சரிக்கை பொய்யன்று. ஆனால் நிகழ்நேரப் பணிகள் ஒவ்வொரு நொடியிலும் 0.95 நொடிக்கு மேல் செயலியைப் பிடித்துவைக்க முடியாதபடி கருனியே தொடக்கநிலையில் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நினைவகத்துக்கும் வரம்பு விதிக்கலாம். அறிந்த ஒருவர் ஒருமுறை அமைத்துக்கொடுத்தால் அச்சத்துக்கு இடமில்லை. அந்த ஒருவர் யார் என்பதே கேள்வி.

ஆப்பிள் கணினிகளில் இசைப்பணி எளிது என்ற புகழுக்குக் காரணம் மந்திரம் எதுவும் இல்லை. வன்பொருள், இயக்கி, ஒலியமைப்பு மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில். செம்மைப்படுத்தும் வேலையை அந்நிறுவனம் முன்கூட்டியே செய்து, கூலியை விலையில் சேர்த்துவிடுகிறது. விண்டோசில் அந்த வேலையை ஒலியட்டை செய்பவர் பாதியும் பயனர் பாதியுமாகச் செய்கிறார்கள். ஸ்டைன்பெர்க் வகுத்த ஆசியோ நெறிமுறை அதற்கென்றே பிறந்தது. லினக்ஸில் முழுப் பொறுப்பும் பயனர் தலையில் விழுகிறது. செம்மையாக்கம் எங்கும் நடந்தே தீர வேண்டும். அதை நிறுவனம் செய்யலாம், தனியாள் செய்யலாம், பொது அமைப்பும் செய்யலாம். மூன்றாவது வழியை மெய்ப்பித்துக் காட்டிய மாநிலம் கேரளம்.

2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பத் தேர்வே அதில் நடந்தது. 2017இல் அத்திட்டம் கைட் நிறுவனமாயிற்று. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் 3000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று 2019இல் அந்நிறுவனம் கணக்குக் காட்டியது. இவற்றையெல்லாம்விட இங்கே நினைவுகூரத்தக்கது மொழிப்பணி. இருபது ஆண்டுகளுக்கு முன்பு கணினியில் மலையாளம் காண ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத்துருவோடு மல்லுக்கட்டினார்கள். தமிழர்களுக்கும் அந்தப் பாடு நன்றாகத் தெரியும். 2002இல் தோன்றிய சுதந்திர மலையாளக் கணிமைக் குழுவினர் எழுத்துருக்களைச் செப்பனிட்டார்கள். பள்ளி இயங்குதளம் அவற்றைத் தன்னுள்ளேயே வைத்து அனுப்பியது. இன்று எந்த மாணவரிடமும் ‘முதலில் உன் கணினியை மலையாளத்துக்கு ஏற்பச் செம்மைப்படுத்து’ என்று யாரும் சொல்வதில்லை. எழுத்துக்குச் செய்ததைக் காலத்துக்கும் செய்யலாம்.

தமிழ்நாட்டின் அனுபவம் எதிர்த்திசையில் பயனுள்ளது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. இயங்குதளம் வட்டில் இருந்தது. அதைக் கொண்டு எதைச் செய்யலாம் என்று காட்டிய கை இல்லை. கொடுப்பதும் அமைத்துக்கொடுப்பதும் ஒன்றன்று.

ஓர் ஐயம் நியாயமானது. பதியும்போது ஒலியட்டையே குரலை நேராகக் காதுக்குத் திருப்பிவிடும் வசதி இருக்கையில் இத்தனை பாடு எதற்கு? குரலை மட்டும் பதிபவருக்கு அது போதும். ஆனால் கணினிக்குள்ளிருக்கும் வாத்தியத்தை விசைப்பலகையால் இசைப்பவருக்கும், மின் தட்டுகளில் தாளம் பயில்பவருக்கும் அது உதவாது. அவ்வொலி கணினிக்குள்தானே பிறக்கிறது. தவிர, நேர்வழி வசதி தரும் புற ஒலியட்டை வாங்க இயலாத மாணவரைப் பற்றியே இங்கே பேச்சு. திரைத்துறையில் புரோ டூல்ஸ், லாஜிக், கியூபேஸ் ஆள்கின்றன, ஆர்டரில் பயின்றவருக்கு வேலை யார் தருவார் என்ற இன்னொரு கேள்வியும் எழும். இடையகமும் மாதிரி வீதமும் தாமதத் திருத்தமும் எல்லா மென்பொருளிலும் ஒன்றே. அவற்றை விளங்கிக்கொண்டவர் எந்தக் கூடத்திலும் ஒரு வாரத்தில் பழகிவிடுவார். ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அடுத்த பதிப்பே புதிய ஊர்.

மலையாளத் திரைப்பாடல்கள் நெடுங்காலம் சென்னைக்கு வந்தே பதிவாகின. 1980இல் கே. ஜே. யேசுதாஸ் தரங்கிணியைத் திருவனந்தபுரத்தில் தொடங்கியபோது ஒலிக்கூடம் பாடகரின் ஊருக்கு வந்தது. இப்போது அது மாணவரின் மடிக்கு வந்திருக்கிறது. ஆனால் கூடத்தோடு வந்த ஒலிப்பொறியாளர், அதாவது எல்லாம் சரியான நேரத்தில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்ட மனிதர், மடிக்கணினியோடு வரவில்லை. அவருடைய பணியின் ஒரு பகுதியை இயங்குதளம்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. பள்ளி இயங்குதளம் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் மீதே கட்டப்படுகிறது. கணினி தொடங்கும் பட்டியலில் ‘இசை’ என்று ஒரு தனி வாயில் வைக்கலாம். அதன் வழியே நுழைந்தால் குறைந்த தாமதக் கருனி, செயலிக்கு நிலையான வேகம், ஒலிக்குழுப் பயனர்களுக்கு வரம்புடன் கூடிய நிகழ்நேர முன்னுரிமை, 256 மாதிரி இடையகம். வழக்கமான வாயிலில் நுழைபவருக்கு எதுவும் மாறாது. பலர் பகிரும் ஆய்வகம் என்ற தடையும் நீங்கும். காரியவட்டத்தில் இயங்கும் ஐசிஃபாஸ் மையத்துக்கு இது ஒரு பருவத்து மாணவர் திட்டப்பணி அளவே.

இதில் அரசுக்கு மட்டுமே உள்ள வாய்ப்பு ஒன்று உண்டு. உபுண்டு ஸ்டூடியோவின் தன்னார்வலர்கள் உலகிலுள்ள எல்லாக் கணினிகளையும் சோதித்துப் பார்க்க முடியாது. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினிகள் சென்றன. இவ்வாறு மொத்தமாக வாங்கும்போது வகைகள் சிலவாகவே இருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துச் சோதித்தால் ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு விடை கிடைத்துவிடும். மடிக்கணினிக் கொள்முதலில் நினைவகத்துக்கும் வட்டுக்கும் மின்கலத்துக்கும் பொதுவாக ஒரு வரி இருக்கும். மிக மோசமான ஒலித்தாமதம் இத்தனை மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்று அங்கே இன்னொரு வரி சேர்க்கலாம்.

சோதனைக்கு வேண்டிய கருவி, இரு முனையிலும் செருகி உள்ள ஒரு சிறு கம்பி. ஒலி வெளிவரும் துளையில் ஒரு முனை, ஒலி உள்நுழையும் துளையில் மறுமுனை. ஒரு தட்டொலியை வெளியே அனுப்பி, அது திரும்பி வந்த இடத்தைத் திரையில் பார்த்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை மில்லிநொடியில் படிக்கலாம். மிருதங்க வகுப்பு மாணவர்கள் ஒரு பிற்பகலில் தைக்காட்டிலேயே செய்து முடிக்கக்கூடிய சோதனை இது. வந்த எண்ணைப் பூஜப்புரைக்கு அனுப்பினால், அடுத்த பதிப்பில் ஆடாசிட்டியின் தாமதத் திருத்தத்தில் அந்தந்தக் கணினி வகைக்குரிய எண்ணையே எழுதி அனுப்பலாம். அது 130 ஆக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.